அத்தியாயம் 5: தினம் ஒரு மணி நேரத்தை மீட்டுக்கொள்வது

மின்கட்டணம் கட்ட இன்றுதான் கடைசி நாள். போனை எடுக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் சித்தி மகள் ஒரு ரீல் அனுப்பியிருக்கிறாள். தொட்டதும் இன்ஸ்டாகிராம் திறக்கிறது. அது முடிந்ததும் கீழே இன்னொன்று வந்து நிற்கிறது, கட்டை விரல் தானாக மேலே தள்ளுகிறது. வாசலில் பள்ளி வேன் ஹாரன் கேட்டுத்தான் நிமிர்கிறீர்கள். 35 நிமிடம் போயிருக்கிறது. மின்கட்டணம் இன்னும் கட்டவில்லை.

இப்படிக் கரைகிற நேரத்திலிருந்து தினம் ஒரு மணி நேரத்தை நான்கு வாரத்தில் மீட்பது எப்படி என்று இந்த அத்தியாயத்தில் படிப்படியாகப் பார்ப்போம். போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பள்ளிக்கூட குரூப், வங்கி, கேஸ் புக்கிங், வெளியூரில் இருக்கும் பிள்ளையின் வீடியோ கால் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அவை அப்படியே இருக்கட்டும்.

ஒரு மணி நேரம் என்பது எட்டக்கூடிய அளவுதான். 2018-ல் அமெரிக்காவில் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர், ஃபேஸ்புக் பயன்படுத்துவோரில் ஒரு பகுதியினரை நான்கு வாரம் கணக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள். சராசரியாக ஒருவருக்கு ஒரு நாளில் 60 நிமிடம் மிச்சமானது. அதில் கொஞ்சம் குடும்பத்தோடும் நண்பர்களோடும் கழிந்தது, கொஞ்சம் தனியாக டிவி பார்ப்பதில் போனது. கடைசியில் சொன்ன அந்த டிவியை நினைவில் வையுங்கள். படி 2-ல் அதற்குத் திரும்பி வருவோம்.

தேவையான பொருட்கள்

- ஒரு 40 பக்க நோட்டும் பேனாவும். போனிலேயே குறித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். குறிக்க எடுத்த போனே உள்ளே இழுத்துவிடும்.
- ஒரு அலாரம் டைம்பீஸ்.
- படுக்கையறைக்கு வெளியே சார்ஜர் மாட்ட ஒரு பிளக் பாயின்ட்.
- மீட்கப்போகும் நேரத்தில் செய்யவிருக்கும் வேலைக்கான பொருள். அது என்ன என்பதை படி 2-ல் முடிவு செய்வீர்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டே விஷயங்கள்

முதலாவது, இந்தப் பக்கங்களுக்கு அடி கிடையாது. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, டிவி தொடருக்குத் 'தொடரும்' உண்டு. போனில் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். இந்த முடிவில்லாத ஸ்க்ரோலை 2006-ல் வடிவமைத்த ஏஸா ராஸ்கின், அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார்.

இரண்டாவது, அடுத்து வரப்போவது நல்லதா சாதாரணமா என்று உங்களுக்குத் தெரியாது. பத்தில் ஒன்று மனதைத் தொடும். எந்த ஒன்று என்பது தெரியாததால்தான் கை நிற்பதில்லை.

ஆகவே, நிறுத்த முடியாமல் போவதை உங்கள் மனவலிமைக் குறைவு என்று எண்ணிக் குமைய வேண்டாம். நிற்காமல் இருக்கவே கட்டப்பட்ட பொருள் அது. நிற்கும் இடத்தை நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும். கீழே உள்ள ஐந்து படிகளும் அதற்காகத்தான்.

படி 1: மூன்று நாள் கணக்கு

இந்த மூன்று நாளும் பழக்கத்தில் எதையும் மாற்றாதீர்கள். எப்போதும் போலப் பாருங்கள். எழுதுவது மட்டும்தான் புதிது.

1. நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: நேரம், எதற்காக எடுத்தேன், எங்கே போய் முடிந்தது, எத்தனை நிமிடம். ஐந்தாவது கட்டத்துக்கு 'எனக்காக' என்று தலைப்பு எழுதி, காலியாக விடுங்கள். அது இரண்டாவது வாரத்தில் தேவைப்படும்.
2. இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் என்று தேர்ந்தெடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும்.
3. போனைக் கீழே வைத்த உடனே ஒரு வரி எழுதுங்கள். இரவு மொத்தமாக எழுதினால் பாதி மறந்திருக்கும்.
4. இரவில் போன் காட்டும் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்க்ரீன் டைம். எந்தச் செயலியில் எத்தனை நிமிடம், எத்தனை முறை போனைத் திறந்தீர்கள் என்று அவை சொல்லும்.

நான் எழுதிய முதல் நாள் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து சில வரிகள்:

- காலை 6.10 – அலாரத்தை நிறுத்த – ஸ்டேட்டஸ் – 20 நிமிடம்
- மதியம் 1.40 – மளிகைக் கணக்குப் பார்க்க – யூடியூப் ஷார்ட்ஸ் – 35 நிமிடம்
- மாலை 5.15 – மழை வருமா என்று பார்க்க – ஃபேஸ்புக் – 25 நிமிடம்
- இரவு 10.20 – மணி பார்க்க – ரீல்ஸ் – 50 நிமிடம்

இந்த நாலு வரியே 130 நிமிடம். இரண்டாவது கட்டத்தைப் பாருங்கள். நான்கு முறையில் ஒரு முறைகூட சோஷியல் மீடியா பார்க்க வேண்டும் என்று நான் போனை எடுக்கவில்லை. அலாரம், கணக்கு, மழை, மணி. உங்கள் நோட்டிலும் அநேகமாக இப்படித்தான் இருக்கும். உங்களை உள்ளே இழுத்துப்போகும் வாசல்கள் எவை என்பதை இரண்டாவது கட்டம்தான் காட்டும். அவற்றின் அடியில் கோடு போட்டு வையுங்கள்.

குறிப்பு: 'எத்தனை நிமிடம்' கட்டத்தைக் கூட்டிவிட்டு மனம் உடைந்து உட்காராதீர்கள். அது தொடங்கும் இடத்தைக் காட்டும் எண், அவ்வளவுதான். வீட்டில் யாருக்கும் அதைக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

படி 2: அந்த மணி நேரத்துக்கு முதலில் வேலை கொடுங்கள்

பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். திரும்பத் திரும்பத் தோற்பதும் அதனால்தான்.

2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. கோடிக்கணக்கானவர்களின் போனிலிருந்து ஒரு செயலி ஒரே நாளில் போயும், அந்த நேரம் அவர்கள் கைக்குத் திரும்பவில்லை, இடம் மாறிக்கொண்டது. ஒரு வீட்டிலும் இதே கதைதான். காலியாக விட்ட நேரம் காலியாக இருக்காது. ரீல்ஸ் போன இடத்தில் ஷார்ட்ஸ் உட்காரும், ஷார்ட்ஸ் போன இடத்தில் டிவி உட்காரும். ஃபேஸ்புக்கை விட்ட அமெரிக்கர்களின் நேரத்தில் ஒரு பகுதி டிவிக்குப் போனதும் இப்படித்தான்.

என் முதல் முயற்சியில் எல்லாச் செயலிகளையும் ஒரே இரவில் நீக்கினேன். மறுநாள் மாலை மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. பத்து நிமிடத்தில் கீழே இறங்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். நான்காம் நாள் எல்லாச் செயலியும் திரும்பி வந்தன. இரண்டாவது முயற்சியில், ஒரு செயலியையும் தொடும் முன்னால், ஆறு வருடமாக மடித்த துணி வைக்கும் மேஜையாக இருந்த தையல் மிஷினைத் துடைத்தேன். துளைகளில் மிஷின் எண்ணெய் விட்டேன். பாபினில் நூல் சுற்றி வைத்தேன். தலையணை உறைக்கு ஒரு மீட்டர் துணி வெட்டி மிஷின் மேலேயே வைத்தேன். அதன் பிறகுதான் போன் பக்கம் போனேன். அந்த முயற்சிதான் நிலைத்தது.

உங்கள் வேலை எதுவாகவும் இருக்கலாம்: கிளை நூலகத்தில் எடுத்த புத்தகம், நடை, தொட்டிச் செடிகள், நின்றுபோன பாட்டுப் பயிற்சி, படம் வரைவது, டைரி, வெறுமனே திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது. மூன்று சோதனையில் அது தேற வேண்டும்:

1. இரண்டு நிமிடத்தில் தொடங்க முடிய வேண்டும். பரணிலிருந்து எடுத்து, தூசி தட்டி, சாமான் தேடித் தொடங்க வேண்டியிருந்தால் போன்தான் ஜெயிக்கும். பொருள் கண்ணெதிரே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.
2. போன் தேவைப்படக் கூடாது. யூடியூபைப் பார்த்துச் சமையல் கற்பது என்று வைத்துக்கொண்டால் பக்கத்தில் ஷார்ட்ஸ் காத்திருக்கும். சுருதி, தாளம் என்று போன் தேவைப்பட்டே தீரும் என்றால், முன்கூட்டியே தரவிறக்கிக்கொண்டு, ஏரோபிளேன் மோடில் போட்டுப் பயன்படுத்துங்கள். அந்த நேரத்தில் அழைப்புகள் வராது என்பதை வீட்டில் சொல்லிவிடுங்கள்.
3. பலன் உங்களைச் சேர வேண்டும். வீட்டு வேலை இந்தக் கணக்கில் வராது.

மூன்றாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், முக்கியமாக வீட்டை நடத்தும் பெண்களுக்கு. போனை வைத்ததும் கண்ணில் படுவது சிங்க்கில் கிடக்கும் பாத்திரம், மடிக்காத துணி, ஊறப் போடாத அரிசி. 'சும்மாதானே இருக்கோம்' என்று எழுந்து போவீர்கள். மீட்ட நேரம் அடுக்களைக்குள் போய்விடும். இரவில் அலுப்போடு படுக்கும்போது, இன்று எனக்கென்று ஒன்றும் செய்யவில்லையே என்ற ஏக்கத்தில் கை மறுபடி போனைத் தேடும். எனக்கு அதுதான் நடந்தது. மிஷின் ஓடும் சத்தம் கேட்ட இரண்டாவது வாரமே வீட்டில் கிழிந்த யூனிஃபார்ம் எல்லாம் மேஜைக்கு வந்துவிட்டது, பக்கத்து வீட்டு ஓரம் அடிக்கும் வேலையும் வந்தது. என் மணி நேரம் தையல்கடை நேரமாகிவிட்டது. கிழிசல் தைப்பதை சனிக்கிழமை காலைக்கு ஒதுக்கி, அதை எல்லோரிடமும் சொன்ன பிறகுதான் மாலை நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

குறிப்பு: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். யோகா, இந்தி, கீபோர்டு என்று மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் மூன்றும் நிற்காது.

படி 3: ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனை ஒழுங்குபடுத்துங்கள்

நாற்பது நிமிட வேலை. ஒரே மூச்சில் இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. அவசர அழைப்புகளுக்கு வழி செய்யுங்கள். மற்ற எதற்கும் முன்னால் இதுதான். குடும்பத்தார், பிள்ளைகளின் பள்ளி, பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர், அலுவலகத்தில் ஒருவர் ஆகியோரின் எண்களை ஃபேவரிட்ஸில் சேருங்கள். டூ நாட் டிஸ்டர்ப் செட்டிங்கில் ஃபேவரிட்ஸ் அழைப்புகளை அனுமதியுங்கள். அதே எண்ணிலிருந்து மறுபடி அழைத்தால் மணி அடிக்கும் வசதியையும் போட்டு வையுங்கள். ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தால் ஒலிக்கும்.
2. நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பக்கத்துக்குப் போய் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ், ஷாப்பிங் செயலிகள் எல்லாவற்றையும் அணையுங்கள். வங்கி, எஸ்எம்எஸ், அழைப்பு ஆகியவற்றைத் தொடாதீர்கள்.
3. வாட்ஸ்அப் குரூப்புகளை மூன்றாகப் பிரியுங்கள். தேவையானவை: பள்ளி வகுப்பு, அலுவலகம், வீட்டார். இவை அப்படியே இருக்கட்டும். விட முடியாதவை: சொந்தக்காரர்கள், பழைய பள்ளி நண்பர்கள், அபார்ட்மென்ட். இவற்றை நிரந்தரமாக மியூட் செய்து ஆர்க்கைவில் போடுங்கள். புதிய மெசேஜ் வந்தாலும் உள்ளேயே இருக்கும். தேவையற்றவை: எப்போதோ யாரோ சேர்த்துவிட்டவை. வெளியேறுங்கள். வெளியேறுவது அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிக்கப்படும், குரூப் முழுக்க அறிவிப்பு போகாது.
4. யார் வேண்டுமானாலும் சேர்ப்பதைத் தடுங்கள். வாட்ஸ்அப் பிரைவசியில் குரூப்ஸ் என்ற இடத்தில் 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள்.
5. புளூ டிக், லாஸ்ட் சீன் இரண்டையும் மறைப்பது பற்றி யோசியுங்கள். 'பார்த்துட்டு ஏன் பதில் போடல' என்ற கேள்விக்குப் பயந்தே பலர் வாட்ஸ்அப்பைத் திறக்கிறார்கள். புளூ டிக்கை அணைத்தால் மற்றவர்கள் பார்த்தார்களா என்பதும் உங்களுக்குத் தெரியாது. அதுவும் ஒரு நிம்மதிதான்.
6. யூடியூப் முகப்பைக் காலி செய்யுங்கள். வாட்ச் ஹிஸ்டரியை அழித்து, பதிவாவதையும் நிறுத்திவிடுங்கள். முகப்பில் பரிந்துரை வீடியோக்கள் வராது. வேண்டியதைத் தேடிப் பார்க்கலாம்.
7. முதல் திரையை மாற்றுங்கள். அழைப்பு, கேமரா, பணம் செலுத்தும் செயலி, மேப் மட்டும் முதல் திரையில். சோஷியல் மீடியா செயலிகள் அங்கே வேண்டாம். மின்கட்டணம் கட்டப் போகும் வழியில் அவை குறுக்கே வரக் கூடாது.
8. அதிகம் இழுக்கும் ஒரே ஒரு செயலியை நீக்குங்கள். படி 1-ன் கணக்கில் முதலிடத்தில் இருப்பது அது. கணக்கு அழியாது, செயலி மட்டும்தான் போகும். பார்க்க வேண்டுமானால் கம்ப்யூட்டரிலோ போன் பிரவுசரிலோ பாஸ்வேர்டு போட்டுப் பாருங்கள். அந்தச் சிறு சிரமமே பாதி முறை உங்களைத் திரும்பி வரவைக்கும்.
9. இரவில் நிறத்தை எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் பெட்டைம் மோடு, ஐபோனில் அக்சசிபிலிட்டிக்குள் கலர் ஃபில்டர்ஸ். திரை கறுப்பு வெள்ளையானதும் ரீல்ஸின் பளபளப்பு போய்விடும்.

குறிப்பு: செயலிக்கு நேர வரம்பு வைக்கும் வசதியை மட்டும் நம்பாதீர்கள். 'இன்னும் 15 நிமிடம்' என்ற பொத்தானை விரல் இரண்டே நாளில் பழகிக்கொள்ளும்.

படி 4: மூன்று வேளை முறை

சாப்பாட்டைப் போலவே மெசேஜுக்கும் வேளை வையுங்கள். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், நோட்டிஃபிகேஷன்கள் நாளுக்கு மூன்று முறை மொத்தமாக வந்தவர்கள் அதிகக் கவனத்தோடும் நல்ல மனநிலையோடும் இருந்தார்கள். நோட்டிஃபிகேஷனே வராதவர்களுக்கு எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றம் கூடியது. ஆகவே அடியோடு நிறுத்துவதைவிட வேளை வைப்பது நல்லது.

1. உங்கள் நாளுக்கு ஏற்ற மூன்று நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். உதாரணம்: காலை 9, மதியம் 1.30, மாலை 5.
2. ஒவ்வொரு வேளைக்கும் 15 நிமிடம். அடுப்பு டைமரையோ டைம்பீஸையோ வைத்துக்கொள்ளுங்கள்.
3. பதில் சொல்ல வேண்டியதை முதலில் முடியுங்கள். ஸ்டேட்டஸ், ஃபார்வர்ட், வீடியோ எல்லாம் மிச்ச நிமிடத்தில்.
4. எழுந்த முதல் அரை மணியிலும் படுக்கும் முன் ஒரு மணியிலும் வேளை வைக்க வேண்டாம்.
5. பள்ளி குரூப்பில் வீட்டுப்பாடம் இரவு 7 மணிக்கு வருமென்றால் அதைப் பார்க்க மட்டும் திறந்து, எழுதிக்கொண்டு, மூடிவிடுங்கள்.

வேலைக்காகவே சோஷியல் மீடியாவில் இருப்பவர்கள், உதாரணமாக வீட்டிலிருந்து புடவை விற்பவர், கேக் ஆர்டர் எடுப்பவர், மூன்று வேளையை ஐந்தாக்கிக்கொள்ளலாம். ஆனால் வியாபாரக் கணக்கையும் சொந்தக் கணக்கையும் பிரித்துவிடுங்கள். ஆர்டர் பார்க்கப் போய் ரீல்ஸில் விழுவது அப்போதுதான் குறையும்.

படி 5: போனுக்கு ஓர் இடம், வீட்டாருக்கு ஒரு சொல்

1. கூடத்திலோ சாப்பாட்டு மேஜைப் பக்கமோ போனுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கும்போது போன் அங்கேயே இருக்கும். அழைப்பு வந்தால் எழுந்து போய் எடுங்கள்.
2. இரவில் அங்கேயே சார்ஜ் போடுங்கள். காலையில் எழுப்புவது டைம்பீஸின் வேலை. என் கணக்கில் 6.10-க்கும் 10.20-க்கும் திறந்த இரண்டு வாசலும் இந்த ஒரு மாற்றத்தில் மூடின.
3. உங்கள் நேரத்தை வீட்டாரிடம் மணியோடு சொல்லுங்கள். 'கொஞ்ச நேரம் எனக்கு வேணும்' என்றால் யாருக்கும் புரியாது. 'சாயந்திரம் அஞ்சரையிலேருந்து ஆறரை வரைக்கும் நான் தைப்பேன், அப்ப யாரும் எதுவும் கேக்கக் கூடாது' என்றால் புரியும்.
4. நண்பர்களுக்கு ஒரு மெசேஜ் போதும்: 'இனி மூணு வேளைதான் வாட்ஸ்அப் பார்ப்பேன். அவசரம்னா கால் பண்ணு, உடனே எடுப்பேன்.'
5. பெரியவர்களுக்கு மெசேஜ் வேண்டாம், பேசிவிடுங்கள். தினமும் காலையில் பூப்படத்தோடு வணக்கம் அனுப்பும் அத்தைக்கு, பதில் வராத நாள் மனவருத்தமான நாள். 'அத்தை, நீங்க அனுப்பறதை சாயந்திரம் உட்கார்ந்து பார்க்கறேன். உடனே பதில் வரலைன்னா தப்பா நினைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடறேன்' என்று சொல்லுங்கள். சொன்னபடி ஞாயிறு கூப்பிடவும் செய்யுங்கள். பத்து நிமிடப் பேச்சில் கிடைக்கும் நெருக்கம் ஒரு வருட ஃபார்வர்டில் கிடைக்காது.

கூட்டாகச் செய்தால் இன்னும் சுலபம். மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமம் 2022-ல் ஒரு வழக்கத்தைத் தொடங்கியது. மாலை 7 மணிக்குக் கோயில் சைரன் ஒலிக்கும். ஊரே டிவியையும் போனையும் அணைத்துவிடும். பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசுவார்கள். 8.30-க்கு மறுபடி சைரன். உங்கள் வீட்டில் நான்கு பேர் சேர்ந்து அரை மணி நேரம் இதைச் செய்து பாருங்கள். பிள்ளைகளை மட்டும் வைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கையில் வைத்திருந்தால் இது ஒரு நாள்கூட நடக்காது.

நான்கு வார அட்டவணை

- வாரம் 1: மூன்று நாள் கணக்கு. வேலையைத் தேர்ந்து பொருளைத் தயார் செய்வது. ஞாயிறன்று போனை ஒழுங்குபடுத்துவது.
- வாரம் 2: உங்களுக்காகத் தினம் 20 நிமிடம். போன் இரவில் கூடத்தில். நோட்டின் ஐந்தாவது கட்டத்தில் தினம் ஒரு வரி.
- வாரம் 3: 40 நிமிடம். மூன்று வேளை முறை தொடக்கம்.
- வாரம் 4: 60 நிமிடம். கடைசி மூன்று நாள் மறுபடி கணக்கு. முதல் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

நான்கு வாரத்தில் முறை கைக்கு வரும், பழக்கமாக ஊறுவதற்கு இன்னும் நாளாகும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடந்த ஆய்வில் ஒரு புதிய பழக்கம் தன்னால் நடக்கும் அளவுக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- 'நான் சோஷியல் மீடியாவை விட்டு விலகுகிறேன்' என்று ஸ்டேட்டஸ் போடுவது. யார் என்ன சொன்னார்கள் என்று பார்க்கவே பத்து முறை திறப்பீர்கள்.
- திருவிழா, தேர்தல், கிரிக்கெட் இறுதிப் போட்டி வாரத்தில் தொடங்குவது. சாதாரண வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.
- இரவு 10 மணிக்கு மேல் உங்கள் மணி நேரத்தை வைப்பது. உடம்பு அலுத்திருக்கும்போது எளிதான பொருளைத்தான் கை தேடும். பகலிலோ மாலையிலோ வையுங்கள்.
- செய்த வேலையைப் படம் எடுத்துப் பதிவிடுவது. முதல் மாதம் வேண்டாம். லைக் எண்ணத் தொடங்கினால் அந்த நேரம் மறுபடி அவர்களுடையது.
- வீட்டாரைத் திருத்தப் புறப்படுவது. கணவரின் போனையும் மாமியாரின் சீரியலையும் விட்டுவிடுங்கள். முதலில் உங்கள் ஒரு மணி நேரம்.

பாதுகாப்பு: இவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்

1. போனை முழுக்க அணைக்காதீர்கள். வீட்டில் முதியவர், கர்ப்பிணி, நோயாளி இருந்தால் அழைப்பு மணி கேட்கும் இடத்தில் போன் இருக்க வேண்டும். டூ நாட் டிஸ்டர்ப் சரியாக வேலை செய்கிறதா என்று வேறொரு போனிலிருந்து அழைத்துச் சோதியுங்கள்.
2. முடக்குவதும் அழிப்பதும் வேறு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளை முடக்கினால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். அழிக்கக் கொடுத்தால் மனம் மாற 30 நாள்தான் அவகாசம், பிறகு படங்களும் போய்விடும். முதல் நான்கு வாரத்தில் எதையும் அழிக்காதீர்கள். பிறகு அழிப்பதானால் உங்கள் படங்களைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை வைத்து லாகின் செய்யும் மற்ற செயலிகள் எவை என்றும் பாருங்கள்.
3. வங்கி எஸ்எம்எஸ்ஸை மியூட் செய்யாதீர்கள். நீங்கள் எடுக்காத பணம் போனதாக மெசேஜ் வந்தால் அடுத்த வேளை வரை காத்திருக்க முடியாது. இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930. உடனே அழையுங்கள்.
4. போனைக் கட்டுப்படுத்தும் செயலி என்று யாராவது லிங்க் அனுப்பினால் நிறுவாதீர்கள். போனில் ஏற்கெனவே உள்ள வசதிகளே போதும்.
5. வண்டி ஓட்டும்போதும், சாலையைக் கடக்கும்போதும், அடுப்படியில் எண்ணெய் காயும்போதும் போன் கையில் இருக்கக் கூடாது. இதற்கு நான்கு வாரம் வேண்டாம், இன்றிலிருந்தே.
6. பிள்ளைகளின் போனைத் திடீரென்று பிடுங்காதீர்கள். முன்கூட்டிப் பேசி, நேரம் குறித்து, மாற்று வேலை கொடுத்துக் குறையுங்கள்.
7. தனியாக வாழ்பவர்கள் மனிதர்களைக் குறைக்க வேண்டாம். தினம் பேசும் தோழி, வெளிநாட்டில் இருக்கும் மகன் ஆகியோரோடு உள்ள தொடர்பு அப்படியே இருக்கட்டும். தெரியாதவர்களின் வீடியோக்களை மட்டும் குறையுங்கள்.
8. குறைக்கவே முடியவில்லை என்றால் உதவி கேளுங்கள். போனைக் கீழே வைத்தால் கடும் எரிச்சல், தூக்கமின்மை, வேலையோ படிப்போ கெடுவது, வாழ்வே வெறுப்பது என்றெல்லாம் இருந்தால் இந்த அத்தியாயம் மட்டும் போதாது. அரசின் இலவச மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ல் 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்கென்றே ஷட் கிளினிக் என்ற பிரிவு 2014 முதல் இயங்குகிறது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது போலத்தான் இதுவும்.

சறுக்கினால்

ஒரு நாள் இரவு இரண்டு மணி நேரம் போய்விடும். எல்லோருக்கும் நடக்கும். அப்போது மூன்றே வேலை:

1. நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: எதற்காக எடுத்தேன், எங்கே போய் முடிந்தது.
2. அந்த வாசல் எது என்று பார்த்து, அதை மட்டும் மூடுங்கள். மணி பார்க்க எடுத்தது என்றால் அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டுங்கள்.
3. மறுநாள் 20 நிமிடத்திலிருந்து தொடருங்கள். விட்டதைச் சேர்த்து இரண்டு மணி நேரம் உட்கார வேண்டாம்.

இன்று செய்ய வேண்டியது

இந்தப் பக்கத்தை மூடியதும் நோட்டை எடுத்து ஐந்து கட்டம் போடுங்கள். நான்கு கட்டமும் நாளைக் காலையிலிருந்து நிரம்பத் தொடங்கும். ஐந்தாவது கொஞ்ச நாள் வெறுமையாகவே கிடக்கும். இரண்டாவது வாரம் வந்ததும் அதில் எழுதத் தொடங்குங்கள், எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் சரி.

என் நோட்டில் ஐந்தாவது கட்டத்தின் முதல் வரி இது: 'தலையணை உறை. நாலு மூலையில் ஒன்று நேராக வந்தது.'